கால்சிடோனின் ஸ்ப்ரேயைத் தொடரலாமா, வேறு எலும்பு மருந்துக்கு மாறலாமா?

குனிந்து எதையோ எடுத்தபோது முதுகில் சுள்ளென்று ஒரு வலி. சதைப்பிடிப்பு என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தும் குறையவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் ஒரு முள்ளெலும்பு அமுங்கிப் போயிருக்கிறது. எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் என்கிறார் மருத்துவர். மருந்துச் சீட்டில் கால்சிடோனின் மூக்கு ஸ்ப்ரே இருக்கிறது. அதைப் பற்றித் தேடிப் படித்தால் ஓரிடத்தில் 'வலியைக் குறைக்கும் ஹார்மோன்' என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 'புற்றுநோய் அபாயம், ஐரோப்பாவில் விலக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. இரண்டுமே உண்மைதான் என்பதால் குழப்பம் தீருவதில்லை.

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் இரண்டு வகை. புதிதாகச் சீட்டு வாங்கி, போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் ஒரு வகை. மூன்று, நான்கு ஆண்டுகளாக ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்து, இப்போது பயந்துபோயிருப்பவர்கள் இன்னொரு வகை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்கணக்கில், வாரக்கணக்கில் முடியும் வேலைக்குக் கால்சிடோனின் பயனுள்ள மருந்து. ஆண்டுக்கணக்கில் எலும்பு முறியாமல் காக்கும் வேலையை அதைவிட நன்றாகச் செய்யும் மருந்துகள் இருக்கின்றன. ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த மருந்து யாருக்கு ஒத்துவரும், எதில் என்ன சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

## முதலில், இந்த ஹார்மோன் என்ன செய்கிறது?

கால்சிடோனின் தைராய்டு சுரப்பியிலிருந்து வருகிறது. ஆனால் தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் செல்களிலிருந்து அல்ல, அவற்றுக்கு இடையில் இருக்கும் 'சி செல்கள்' என்ற தனிக் கூட்டத்திலிருந்து. 32 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம் அது. கனடாவின் ஹெரால்ட் காப் 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தபோது, தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகளிலிருந்து வருவதாகத்தான் நினைத்தார். ஊற்று தைராய்டுதான் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது.

நம் எலும்பு ஒரு பக்கம் கரைந்துகொண்டும் இன்னொரு பக்கம் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. கரைக்கும் வேலை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களுடையது. கால்சிடோனின் நேராக அந்தச் செல்லின் மேல் உட்கார்ந்து அதன் கையைக் கட்டிவிடுகிறது. கரைவது குறைந்தால் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியமும் குறைகிறது. சிறுநீர் வழியாகவும் கொஞ்சம் கால்சியம் கூடுதலாக வெளியேறுகிறது. பாராதைராய்டு ஹார்மோன் ரத்தக் கால்சியத்தை ஏற்றும், இது இறக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம்.

பாடப்புத்தகத்தில் சேர்த்துச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தைராய்டை முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கு இந்த ஹார்மோன் கிட்டத்தட்ட இருக்காது. ஆனாலும் அந்தக் குறையால் மட்டும் அவர்கள் எலும்பு தேய்வதில்லை, கால்சியமும் எகிறுவதில்லை. மாறாக, சி செல்களில் வரும் மெடுல்லரி தைராய்டு புற்றுநோயில் கால்சிடோனின் பல நூறு மடங்கு கூடிக் கிடக்கும். அப்போதும் ரத்தக் கால்சியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. அதாவது பெரியவர்களின் உடம்பு இந்த ஹார்மோன் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துக்கொள்கிறது. மருந்தாகக் கொடுத்தாலும் அதேதான் நடக்கும். தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க, ஆஸ்டியோகிளாஸ்டின் மேல் மருந்து வந்து ஒட்டும் ஏற்பிகள் குறைந்து மருந்தின் பிடி தளர்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் எண்கள் எதுவும் ஆச்சரியமாக இருக்காது.

அப்புறம், ஸ்ப்ரேயில் இருப்பது மனிதக் கால்சிடோனின் அல்ல. சால்மன் மீனின் கால்சிடோனினை அச்செடுத்தாற்போல் செயற்கையாகச் செய்தது. மனித வடிவத்தைவிட அது பல மடங்கு வீரியமானது, உடம்பில் நீடிக்கும் நேரமும் அதிகம். 'இயற்கை ஹார்மோன், அதனால் தீங்கில்லை' என்ற வாதம் இதற்குப் பொருந்தாது.

## எதை வைத்து எடைபோடுவது?

எலும்பு மருந்தைத் தேர்வு செய்யும்போது பலரும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) எண் எவ்வளவு ஏறும் என்றுதான் கேட்கிறார்கள். அது இரண்டாம்பட்சம். முதலில் கேட்க வேண்டியது, முறிவு எவ்வளவு குறைகிறது என்பது. அதிலும் முள்ளெலும்பு முறிவு வேறு, இடுப்பு முறிவு வேறு. வயதானவரைப் படுக்கையில் தள்ளுவதும் உயிருக்கே ஆபத்தாவதும் பெரும்பாலும் இடுப்பு முறிவுதான். இடுப்பைக் காக்காத மருந்து பாதி வேலை செய்யும் மருந்து.

அடுத்து, எத்தனை காலம் எடுக்க வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும். இதைத் தொடங்கும் முன் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்காததால் வரும் சிக்கல்தான் அதிகம்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது, உணவுக்குழாயில் தொல்லை உண்டா, பல் வேலை பாக்கி இருக்கிறதா, முன்பு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தாரா என்ற தனிப்பட்ட விவரங்களும் உண்டு. கடைசியாக, அந்த மனிதரால் இதை உண்மையில் கடைப்பிடிக்க முடியுமா என்பது. வாரம் ஒரு மாத்திரையையே மறப்பவரிடம் தினசரி ஊசியைக் கொடுத்துப் பயனில்லை.

## ஒரே பார்வையில்

| மருந்து | எடுக்கும் முறை | முள்ளெலும்பு முறிவு | இடுப்பு முறிவு | நிறுத்தினால் |
|---|---|---|---|---|
| கால்சிடோனின் ஸ்ப்ரே | தினமும் 200 யூனிட், ஒரு நாசியில் | சுமார் 33% குறைவு | குறைந்ததாக நிரூபணம் இல்லை | விளைவு மெல்ல மறையும் |
| அலெண்ட்ரோனேட் | வாரம் 70 மி.கி. மாத்திரை | சுமார் 47% குறைவு | சுமார் 51% குறைவு | எலும்பில் தங்கிச் சில ஆண்டு காக்கும் |
| சோலெட்ரோனிக் அமிலம் | ஆண்டுக்கு ஒருமுறை 5 மி.கி. நரம்பு வழி | சுமார் 70% குறைவு | சுமார் 41% குறைவு | எலும்பில் தங்கிக் காக்கும் |
| டெனோசுமாப் | 6 மாதத்துக்கு ஒருமுறை 60 மி.கி. ஊசி | சுமார் 68% குறைவு | சுமார் 40% குறைவு | வேகமாகச் சரியும், முறிவு அபாயம் கூடும் |
| டெரிபாரடைட் | தினமும் 20 மைக்ரோகிராம் ஊசி, பொதுவாக 2 ஆண்டு வரை | சுமார் 65% குறைவு | தனியாக நிரூபிக்கப்படவில்லை | வேறு மருந்து தொடராவிட்டால் லாபம் கரையும் |

இந்த எண்கள் எல்லாம் வெவ்வேறு ஆய்வுகளில் வந்தவை. ஆய்வில் சேர்ந்தவர்களும் வேறு, காலமும் வேறு. ஆகவே 70-ஐயும் 68-ஐயும் வைத்துக்கொண்டு எது பெரிது என்று சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் 33-க்கும் மற்றவைக்கும் உள்ள இடைவெளியையும், இடுப்பு முறிவுக் கட்டத்தில் முதல் வரிசை காலியாக இருப்பதையும் கவனித்தே ஆக வேண்டும்.

## கால்சிடோனின்: உள்ளது உள்ளபடி

அமெரிக்காவில் கால்சிடோனின் ஊசி 1975-இல் பேஜெட் நோய்க்கும் (எலும்பு தாறுமாறாகக் கரைந்து உருவாகும் நோய்) 1984-இல் எலும்புப்புரைக்கும் அனுமதி பெற்றது. மூக்கு ஸ்ப்ரே 1995-இல் வந்தது. முறிவை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்று பெரிய ஆய்வு செய்து முடிவு வெளியானது அதற்கும் பிறகு, 2000-இல்தான்.

'புரூஃப்' என்று பெயர் பெற்ற அந்த ஆய்வில் மாதவிடாய் நின்ற 1255 பெண்கள் ஐந்தாண்டு திட்டத்தில் சேர்ந்தார்கள். தினம் 200 யூனிட் அடித்தவர்களில் சுமார் 18 சதவீதத்தினருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு வந்தது. மருந்தில்லாத வெற்று ஸ்ப்ரே அடித்தவர்களில் 26 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 400 யூனிட் அடித்தவர்களிடம் அந்த அளவுக்குக் குறையவில்லை. மருந்து உண்மையாகவே வேலை செய்தால், இரு மடங்கு கொடுக்கும்போது அதே அளவாவது பலன் தெரிய வேண்டாமா? போதாக்குறைக்கு, சேர்ந்தவர்களில் 59 சதவீதம் பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். இடுப்பு முறிவில் நன்மை தெரியவில்லை. ஓரளவு நம்பலாம், முழுதாக நம்ப முடியாது என்ற நிலையிலேயே அந்த ஆய்வு நிற்கிறது. ஏற்கெனவே முறிவு வந்த ஒருவருக்கு இதை மட்டும் கொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

புற்றுநோய் விஷயம் 2012-இல் வெடித்தது. ஐரோப்பிய மருந்து முகமை பழைய ஆய்வுகளை எல்லாம் மறுபடி அலசியது. நீண்ட காலம் கால்சிடோனின் எடுத்தவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருந்தது. மாத்திரை வடிவில் 0.7 சதவீதம், ஸ்ப்ரேயில் 2.4 சதவீதம் கூடுதல். எலும்புப்புரைக்கு இதை இனிக் கொடுக்க வேண்டாம், ஸ்ப்ரேயை விலக்கிக்கொள்ளலாம் என்று முகமை பரிந்துரைத்தது. ஊசியை மட்டும் சில குறுகிய கால உபயோகங்களுக்கு விட்டுவைத்தது. அமெரிக்காவில் 2013-இல் நிபுணர் குழு 12-க்கு 9 என்ற கணக்கில் எலும்புப்புரைக்கு இது வேண்டாம் என்று வாக்களித்தது. ஆனாலும் அங்கே மருந்து விலக்கப்படவில்லை. எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மாதவிடாய் நின்று ஐந்தாண்டுக்கு மேல் ஆன பெண்களுக்கு, வேறு மருந்து ஒத்துவராதபோது மட்டும் என்ற நிபந்தனையோடு இருக்கிறது. அந்த எச்சரிக்கையில் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு உண்டு: மருந்து எடுத்தவர்களில் 4.1 சதவீதம், எடுக்காதவர்களில் 2.9 சதவீதம் பேருக்குப் புற்றுநோய்.

நூறு பேரில் ஒருவர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். கால்சிடோனின்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. எந்த வழியில் அது புற்றுநோயைத் தூண்டும் என்பதற்குத் தெளிவான விளக்கமும் இல்லை. ஆகவே ஓராண்டு ஸ்ப்ரே அடித்தவர் தூக்கம் தொலைக்க வேண்டியதில்லை. இங்கே என் கணக்கு எளிது. பலன் பெரிதாக இருந்தால் இத்தனை சிறிய சந்தேகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பலனே சுமார்தான் எனும்போது அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துச் சுமப்பதற்குக் காரணம் இல்லை.

பக்கவிளைவுகள் பொதுவாக லேசானவை. ஸ்ப்ரேயில் மூக்கடைப்பு, எரிச்சல், சில நேரம் மூக்கில் ரத்தம். அதனால்தான் ஒரு நாள் வலது நாசி, மறுநாள் இடது நாசி என்று மாற்றி அடிக்கச் சொல்கிறார்கள். ஊசியில் குமட்டலும் முகம் சிவந்து சூடாவதும் அதிகம். மீன் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம். சந்தேகம் இருந்தால் முதலில் தோலில் சோதித்துப் பார்ப்பார்கள். திறக்காத புட்டி குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். திறந்த பிறகு அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து, உறையில் சொன்ன நாளுக்குள் முடிக்க வேண்டும். திறந்த புட்டியை மாதக்கணக்கில் மிச்சம் பிடித்து அடிப்பவர்களுக்கு எவ்வளவு மருந்து போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

## பிஸ்பாஸ்போனேட்: பெரும்பாலானவர்களின் முதல் தேர்வு

அலெண்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் அமிலமும் பிஸ்பாஸ்போனேட் என்ற ஒரே வகை மருந்துகள். அலெண்ட்ரோனேட்டின் முக்கியமான ஆய்வு 1996-இல் வந்தது. ஏற்கெனவே முள்ளெலும்பு முறிந்த 2027 பெண்கள் அதில் இருந்தார்கள். மூன்றாண்டில் எக்ஸ்ரேயில் புதிய முறிவு தெரிந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 15 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம். இடுப்பு முறிவு பாதியாகக் குறைந்தது. இந்தக் கட்டுரையைப் படிக்கிற பலரின் நிலையும் இதுவேதான், ஒரு முள்ளெலும்பு போய்விட்டது, அடுத்தது போகக்கூடாது. அதனால் இந்த ஆய்வுக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுக்கிறேன்.

மாத்திரையின் மறைமுகச் செலவு அதை விழுங்கும் சடங்கு. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உள்ளேயே போகாது. விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரலாம். முதுகு முறிந்து நிமிர்ந்து உட்காரவே முடியாதவருக்கு அந்த அரை மணி நேரமே பெரிய தண்டனை. அப்படிப்பட்டவர்களுக்கும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், மறதிக்காரர்களுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் ஒத்துவரும். ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிடம் நரம்பில் ஏற்றினால் முடிந்தது. முதல் முறை ஏற்றிய பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் பலருக்கு வரும். பாராசிட்டமால் போதும். அடுத்த முறைகளில் பெரிதும் குறைந்துவிடும்.

தாடை எலும்பு அழுகுவது பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்து மறுப்பவர்கள் நிறைய. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது மிக அரிதாக வருவது. புற்றுநோயாளிகளுக்கு மாதாமாதம் அதிக அளவு கொடுக்கும்போது வருவதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பல் பிடுங்கும் வேலை பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு மருந்தைத் தொடங்குவது நல்லது. பல ஆண்டு எடுத்தவர்களுக்கு அரிதாகத் தொடை எலும்பின் நடுவில் முறிவு வரலாம். அதற்கு முன்பே தொடையிலோ கவட்டிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருக்கும். அந்த வலியை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. இந்த அபாயம் காரணமாகத்தான் ஐந்தாண்டு மாத்திரைக்குப் பிறகு அல்லது மூன்று முறை ஏற்றிய பிறகு, நிலைமை அனுமதித்தால் மருந்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். எலும்பில் தங்கியிருக்கும் மருந்து அந்த ஓய்வுக் காலத்திலும் வேலை செய்யும்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 35-க்குக் கீழே போனவர்களுக்கு இந்த இரண்டும் பொதுவாகக் கொடுப்பதில்லை.

## டெனோசுமாப்: தொடங்குவது சுலபம், விடுவது கஷ்டம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஒரு ஊசி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கலாம். முறிவு குறைவதும் முள்ளெலும்பு, இடுப்பு இரண்டிலும் நன்றாக இருக்கிறது. இத்தனை வசதி இருக்கும்போது எல்லாருக்கும் இதையே கொடுக்கலாமே?

சிக்கல் ஆறாவது மாதத்துக்குப் பிறகு. இது எலும்பில் தங்குவதில்லை. அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டால், இதுவரை அடக்கி வைத்திருந்த ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஒரேயடியாக எழுந்து வேலையில் இறங்கும். சேர்த்த எலும்பு ஓராண்டு, ஈராண்டில் போய்விடும். சிலருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் முறிந்திருக்கின்றன. ஆகவே நிறுத்துவதென்றால் உடனே பிஸ்பாஸ்போனேட்டுக்கு மாறியாக வேண்டும். ஊருக்குப் போனேன், மறந்துவிட்டேன், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் இதில் இருக்க முடியாது. வீட்டில் தேதியைக் குறித்து வைத்துக் கூட்டிப்போக ஒருவர் இருந்தால்தான் இதைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது என்ற பேச்சை அந்த நிலை வரை இழுக்கக்கூடாது.

## டெரிபாரடைட்: கரைவதைத் தடுப்பது அல்ல, கட்டுவது

மேலே சொன்னவை எல்லாம் எலும்பு கரைவதைத் தடுப்பவை. டெரிபாரடைட் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. தினமும் சிறு அளவில் கொடுத்தால் புதிய எலும்பைக் கட்டும். பல முறிவுகள் வந்தவர்களுக்கு, ஸ்கேன் எண் மிகவும் கீழே போனவர்களுக்கு, ஸ்டீராய்டு மாத்திரையால் எலும்பு இழந்தவர்களுக்கு இதில் நல்ல பலன் உண்டு.

தினசரி ஊசி, பேனாவைக் குளிரில் வைக்க வேண்டும், மற்றவற்றைவிடச் செலவு அதிகம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு, வரிசை. முதலில் கட்டி, பிறகு கரையாமல் பூட்டினால் லாபம் நிற்கும். டெனோசுமாபை நிறுத்திவிட்டு இதற்கு வந்தால் இடுப்பு எலும்பில் முதலில் இழப்பே ஏற்படுகிறது. ஆகவே இது வேண்டியிருக்கும் என்று தோன்றினால் முதலிலேயே பேச வேண்டும். எலும்பில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், பேஜெட் நோய் உள்ளவர்களுக்கும், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இது கூடாது.

ரலாக்ஸிஃபீன் என்ற மாத்திரையும் பட்டியலில் வரும். அதுவும் முள்ளெலும்பை மட்டும்தான் காக்கிறது, கால்களில் ரத்தக் கட்டி அபாயமும் உண்டு. மாதவிடாய் நின்றவர்களில் மார்பகப் புற்றுநோய் அபாயம் அதிகமுள்ள, வயது குறைந்த பெண்களுக்கு ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று கொடுப்பார்கள். மற்றவர்கள் கடந்து போகலாம்.

## கால்சிடோனினே சரியான தேர்வாகும் இடங்கள்

முதலாவது, புதிய முள்ளெலும்பு முறிவின் வலி. இந்த மருந்துக்கு எலும்பைத் தாண்டி வலி குறைக்கும் குணமும் உண்டு. முறிந்த முதல் சில நாளில் தொடங்கினால், எழுந்து உட்காரவும் நடக்கவும் சீக்கிரமே முடிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முறிந்து ஐந்து நாளுக்குள் வந்தவர்களுக்கு நான்கு வாரம் கொடுக்கலாம் என்று அமெரிக்க எலும்பியல் மருத்துவர்களின் அமைப்பு 2010-இல் சொன்னது. வயதானவருக்குக் கடுமையான வலிமாத்திரைகள் கொடுத்தால் மலச்சிக்கல், தலைசுற்றல், தடுமாறி விழுவது, மறுபடி ஒரு முறிவு என்று போகும். அதைத் தவிர்க்க இது உதவுமானால் நல்லதுதானே. ஆறு மாதம் பழகிய நாள்பட்ட முதுகுவலிக்கு இது உதவாது. தொடக்கத்தில் சொன்ன அந்தச் சீட்டுக்காரருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது இதற்காகத்தான் இருக்கும். 'எத்தனை வாரம்?' என்று கேட்காமல் வந்துவிட்டதுதான் பிழை.

இரண்டாவது, ரத்தக் கால்சியம் திடீரென்று எகிறும் நிலை. பெரும்பாலும் புற்றுநோயால் வரும். குழப்பம், வாந்தி, மயக்கம் என்று நோயாளி சாய்ந்துவிடுவார். அப்போது உடல் எடையில் கிலோவுக்கு 4 யூனிட் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கால்சிடோனின் ஊசி போட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கால்சியம் இறங்கத் தொடங்கும். சோலெட்ரோனிக் அமிலம் வேலை காட்ட இரண்டு நாளாவது ஆகும். ஆகவே இரண்டையும் சேர்த்தே தொடங்குவார்கள். சுமார் 48 மணி நேரத்தில் கால்சிடோனினின் பிடி தளரும்போது மற்றது பொறுப்பை வாங்கிக்கொள்ளும். நீண்ட காலத்தில் குறையாகத் தெரிந்த அதே குணம் இங்கே ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாவது, அடிபட்டோ முறிந்தோ திடீரென்று அசையாமல் கிடக்க நேர்ந்தவர்களின் வேகமான எலும்பிழப்பு. இதற்கு ஐரோப்பிய முகமை இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பேஜெட் நோய்க்கும், வேறு மருந்து ஒத்துவராதவர்களிடம் மட்டும், வழக்கமாக மூன்று மாதம் வரை.

## ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு

பதறிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் விலக்கியபோதுகூட, அடுத்து வழக்கமாகப் போகும் நாளில் மருத்துவரிடம் பேசி மாறினால் போதும் என்றே சொன்னார்கள். டெனோசுமாபை நிறுத்தினால் வரும் எதிர்வினை போன்ற ஆபத்து இதில் பேசப்படுவதில்லை. ஆனால் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், எலும்புப்புரை எந்த மருந்தும் இல்லாமல் தொடரும். ஸ்ப்ரேயை விடுவதும் அடுத்ததைத் தொடங்குவதும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டியவை.

போகும்போது சில விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டிலிருந்து ஸ்ப்ரே, கடைசி டெக்ஸா ஸ்கேன், கிரியாட்டினின் அளவு (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வைட்டமின் டி அளவு. வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ போட்டால் கால்சியம் சரிந்து கைகால் மரத்துப்போகும். அதைச் சரிசெய்த பிறகே முதல் ஊசி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் 'கால்சிடோனின்' என்று பார்த்துவிட்டு, எலும்புக்காக அதைச் செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தப் பரிசோதனை மெடுல்லரி தைராய்டு புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும், அறுவைக்குப் பிறகு திரும்பி வருகிறதா என்று கண்காணிக்கவும்தான். எலும்பின் பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 'புரோகால்சிடோனின்' என்பது இதன் மூலப்பொருளாக இருக்கும் 116 அமினோ அமிலப் புரதம். கடுமையான பாக்டீரியா தொற்றில் உடம்பெங்கும் சுரந்து ரத்தத்தில் ஏறும், அதனால் மருத்துவமனையில் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) சந்தேகத்துக்குப் பார்ப்பார்கள். ஸ்ப்ரே அடிப்பவர் இரண்டையும் தானாகப் போய்ச் செய்துகொள்ள வேண்டியதில்லை.